முதல் கியர்

ஓடிக்கொண்டிருந்த அறுவடை இயந்திரத்தின் பின்னால் பழைய போர்வையொன்றை விரித்துவிட்டு அவள் விலகி நின்றாள்.

இயந்திரம் கக்கிய வைக்கோல் போர்வையின்மீது விழுந்தது. குனிந்து அதை அள்ளி உதறினாள். வைக்கோல் பறந்தது, அடியில் நெல்மணிகள் தங்கின. ஒரு கையில் அடங்காத அளவுக்கு இருந்தன.

இரு கைகளிலும் அவற்றை ஏந்திக்கொண்டு ஓடி, இயந்திரத்தை மறித்தாள்.

"என்ன தம்பி இது? அறுக்கிறியா, திரும்பவும் விதைக்கிறியா?"

ஓட்டுநனின் பார்வை அவள் கைகளில் இல்லை. மேற்கே கறுத்துத் திரண்டிருந்த மேகத்தில் இருந்தது.

"பயிர் முத்திப் போச்சுக்கா. எப்படி ஓட்டினாலும் கொஞ்சம் உதிரும். அடுத்த ஊர் வயல்ல வேற காத்துக்கிட்டு இருக்காங்க."

"நான் காத்துக்கிட்டு இருந்தப்ப எவன் வந்தான்?"

அதுவும் உண்மையே. இரண்டு இயந்திரங்கள் வரும் என்று கூட்டுறவுச் சங்கம் அறிவித்திருந்தது. வந்தது ஒன்றுதான், மற்றொன்றுக்கு உதிரிப் பாகம் இன்னும் வந்து சேரவில்லையாம். சுற்றியுள்ள ஊர்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே என்றாயிற்று. சீட்டுக் குலுக்கி வரிசை வைத்தார்கள். அவளுடைய வரிசை வருவதற்குள் கதிர்கள் முற்றித் தலை தொங்கி, கை பட்டாலே கொட்டும் நிலையை அடைந்துவிட்டன.

சென்ற ஆண்டும் இப்படித்தான். பாதி நெல் மண்ணுக்குப் போயிற்று. நெல் விளைவித்த வீட்டில் கடையரிசியில் உலை வைத்தாள். இந்த ஆண்டும் அந்தக் கடை வாசலில் பையுடன் நிற்பதற்கு அவள் ஆயத்தமாக இல்லை.

"இப்படிப் பறக்கிறியே, அங்க காத்துக்கிட்டு இருக்கிறது உன் மாமனாரா? சங்கத்துல போய்ச் சொல்லட்டுமா? முதல் கியர்ல ஓட்டு. இல்லேன்னா இறங்கு."

வரப்பில் அமர்ந்து சாக்குகளை உதறிக்கொண்டிருந்த அவளுடைய கொழுந்தன் சிரித்தான்.

"போட்டுடுப்பா. எங்க அண்ணனே இவங்ககிட்ட ரெண்டாவது கியர் போட்டதில்ல."

ஓட்டுநன் சிரிக்கவில்லை. கியரைக் குறைத்தான்.

இயந்திரம் ஊர்ந்தது. அவள் போர்வையை விரித்தாள், உதறினாள். இம்முறை சில மணிகளே தங்கின. மனம் சற்று ஆறியது. எனினும் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. வானத்தைப் பார்த்தாள். மீண்டும் விரித்தாள்.

காற்று எழுந்தது. கதிர்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தன. அந்த ஒலி கேட்கும்போதெல்லாம் எங்கோ நெல் கொட்டுவதாகவே அவளுக்குத் தோன்றியது.

வரப்போரம் இயந்திரம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஓட்டுநன் எழுந்து நின்று மேற்கே பார்த்தான். அவனுடைய சட்டைப்பையில் தொலைபேசி ஒலித்தது, ஓய்ந்தது, மறுபடியும் ஒலித்தது. அவன் எடுக்கவில்லை. ஒருமுறை இயந்திரம் திடீரென்று வேகம் கொண்டது. அவள் ஓடிவந்து தகரத்தின்மீது ஓங்கித் தட்டினாள். வேகம் தணிந்தது.

"அந்த வயல்காரங்கதானே கூப்பிடுறாங்க? இங்க குடு, நான் பேசிக்கிறேன்" என்று கத்தினாள்.

"வேண்டாம்க்கா."

கடைசிப் பாத்தியை இயந்திரம் விழுங்கியபோது முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது. நெல் முழுவதும் டிராக்டர் பெட்டியில் இறங்கியது. கொழுந்தன் அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். நீண்ட நாள்களுக்குப் பின் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"பாத்தியா தம்பி, ஒரு மணி நெல்லுகூட வீணாகலை. யாராச்சும் லேட்டுன்னு திட்டினா என்னைக் கை காட்டிடு. நான் பதில் சொல்லிக்கிறேன்."

"திட்டமாட்டாங்கக்கா."

அதற்குள் மழை சடசடவென்று இறங்கிவிட்டது. எதிர்வரப்பு கண்ணுக்கு மறைந்தது. வயல் குழைந்தது, இனி அந்தக் கனத்த இயந்திரம் எந்த வயலிலும் இறங்க முடியாது.

ஓட்டுநன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே குதித்து அதன் அடியில் ஒதுங்கினான். அவளும் நனைந்தபடியே ஓடிவந்து பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். தொலைபேசி மறுபடியும் ஒலித்தது. இம்முறை அவன் எடுத்தான்.

"அம்மா, நீ வயல்ல நிக்காதே, வீட்டுக்குப் போ. இன்னிக்கு நமக்கு வண்டி வராது."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவன் அவள் பக்கம் திரும்பாமலே விடை கூறினான்.

"இல்லம்மா, யாரும் லேட் பண்ணலை. மழைதான்."