அறையைச் சுற்றிக் காட்டுங்கள்

"ஒரு ஊர்ல சர்வர் படுத்துட்டாலும், டேட்டா இன்னொரு ஊர்ல பத்திரமா இருக்கும். சரிதானேங்க?" என்று சன்னலோர நாற்காலிப் பக்கம் திரும்பிக் கணவரிடம் கேட்டாள்.

கையிலிருந்த பாடக் குறிப்பில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா? ரெண்டு மாசமா நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கிறேன். இந்த கிளவுட் கம்ப்யூட்டிங் சர்டிபிகேட் வாங்கினாத்தான் ஆபீஸ்ல என் வேலை நிலைக்கும்."

வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு. மணி பத்தடித்ததும் லேப்டாப்பில் கண்காணிப்பாளரின் குரல் வந்தது.

"மேடம், கேமராவைத் திருப்பி ரூமைச் சுத்திக் காட்டுங்க."

லேப்டாப்பைத் தூக்கி மேசை, அலமாரி, சன்னல் என்று காட்டினாள்.

"அந்த சாரை வெளியே போகச் சொல்லுங்க. வேற ஆள் இருக்கக் கூடாது."

"எந்த சார்?"

"சன்னல் பக்கம் நாற்காலியில உட்கார்ந்திருக்காரே, அவர்தான்."

கணவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. பேசிப் பழகிய வாய் சும்மா இருக்காமல் தினமும் அந்தக் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தாள். இப்போதும் அது காலியாகத்தான் இருந்தது.

"மேடம், கடைசியா சொல்றேன். அவரைப் போகச் சொல்றீங்களா, தேர்வை ரத்து பண்ணட்டுமா?"

அவள் லேப்டாப்பை நாற்காலிப் பக்கமே பிடித்தபடி நின்றாள்.

"ரத்து பண்ணிக்கோங்க சார். அவரு எப்படி இருக்காருன்னு மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன். ரொம்ப இளைச்சுட்டாரா?"