ஏசிக்கு இரட்டைக் கூலி

"ஏசி மாட்ட இரட்டைக் கூலியா? அநியாயமா இல்ல?" ஷோல்பான் கொதித்தாள். கஜகஸ்தானின் கரகண்டா நகரில் ஏழாவது மாடி வீடு. மடியில் கைக்குழந்தை வியர்க்குருவால் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"நாலு மாசம் பொறுங்கக்கா, பாதிக் கூலிக்கு மாட்டித் தரேன்," என்றான் ஏசிக்காரன் எர்போல்.

"அதுவரைக்கும் பிள்ளை இந்தச் சூட்டுல வேகணுமா?"

"ஜன்னலைத் திறந்து வைங்களேன்."

"திறந்தா கரிப்புகை. பிள்ளைக்கு மூச்சு இழுக்குது."

அளவெடுக்க எர்போல் ஜன்னலைத் திறந்தான். பனித்தூள் முகத்தில் அறைந்தது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

"இதுல தொங்கிக்கிட்டு மாட்டத்தான் இரட்டைக் கூலி. வீட்டைச் சூடாக்குற அந்த வெந்நீர்க் குழாயோட திருகைக் கொஞ்சம் மூடினா போதுமேக்கா?"

"திருகு வச்சிருந்தாத்தானே மூட? கொதிகலன் ஆபீஸ் அனுப்புறதுதான் ஊருக்கே சூடு. அஞ்சு மனு கொடுத்தாச்சு. சூட்டுக்கும் நானே காசு கட்டி, அதைத் தணிக்கவும் நானே கட்டணும்."

குழந்தையின் கழுத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாட்டு தம்பி, தரேன். ரசீதை மட்டும் அந்த ஆபீஸ் பேருக்குப் போடு."