எட்டே மாதத்தில் தேய்ந்த பிரேக்

“எட்டு மாசம்தான் ஆகுது. டூப்ளிகேட் பிரேக் பேடைப் போட்டு ஏமாத்திட்டீங்களேண்ணே!”

செல்போனை ஸ்பீக்கரில் போட்டு, வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் அவள் கத்தினாள். மறுமுனையில் அவள் புருஷன் கேட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முப்பது வருஷமாக இந்த ஷெட்டை நடத்துகிறேன். வாடிக்கையாளர்களைத் திட்டியிருக்கிறேன், வண்டியைச் சொன்ன தேதிக்குத் தராமல் இழுத்தடித்திருக்கிறேன், ஒருதடவை ஒருவருடைய காரை இன்னொருவருக்குக் கொடுத்தே அனுப்பியிருக்கிறேன். டூப்ளிகேட் மட்டும் போட்டதில்லை. எனக்கென்று இருக்கிற சொத்தே அந்தப் பேர்தான்.

முன்சக்கரம் இரண்டையும் கழற்றி வைத்திருந்தேன். நான் போட்டபோது சுண்டுவிரல் கனம் இருந்த பேட், இப்போது காலண்டர் அட்டை கனம்கூட இல்லை. பேட் கவ்விப் பிடிக்கிற இரும்பு டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது.

மீட்டரைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் இருபத்துநாலாயிரம் கிலோமீட்டர்.

கிலோமீட்டர் கணக்கில் தப்பே இல்லை. அவள் புருஷன் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொழிற்சாலைக்குத் தினமும் இந்தக் காரில் போய் வருகிறவன். வழி முழுக்க நாலுவழிச் சாலை. பிரேக்கில் கால் வைக்க வேலையே இல்லை. அப்படி ஓடுகிற வண்டிக்கு பேட் அறுபதாயிரம், எழுபதாயிரம் வரும். டிஸ்க் அதைப்போல இரண்டு மடங்கு.

இருபத்துநாலாயிரத்தில் இப்படித் தேய ஒரே வழிதான் உண்டு. ஊருக்குள் ஓட வேண்டும். நாலு வீட்டுக்கு ஒருதடவை நிற்க வேண்டும்.

டிரைவர் சீட்டின் ஓரம் நூல் பிரிந்திருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை இறங்கி ஏறினால்தான் அப்படி ஆகும். மடக்கிப் போட்டிருந்த பின்சீட்டில், பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

வேலை போயிருக்கிறது. வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறான். பொண்டாட்டியிடம் சொல்லவில்லை.

தானே வண்டியைக் கொண்டுவந்தால் நான் கேட்டுவிடுவேன் என்று பயம். இன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன் என்று சொன்னானாம்; காரை அவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டான்.

சரி, சொல்லாமல் இருந்துவிட்டுப் போ. டூப்ளிகேட் என்று அவளிடம் சொல்லி, பழியை ஏனப்பா என் தலையில் போடுகிறாய்? குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

‘தம்பி, இந்த வண்டி தொழிற்சாலைப் பக்கம் போய் மாதக்கணக்காகிறது.’ இந்த ஒரு வார்த்தை போதும், என் பேர் பிழைத்துவிடும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது போனில், அவன் இருந்த இடத்தில், காலிங்பெல் அடித்தது. நாய் ஒன்று குரைத்தது.

“மீட்டிங்ல இருக்கேன், சீக்கிரம். அண்ணன் என்னதான் சொல்றார்?”

அவனுக்கு மூச்சு வாங்கியது. கார் இல்லாததால் யாருடைய பைக்கையோ இரவல் வாங்கிப் பார்சலோடு கிளம்பி, யார் வீட்டு மாடிப்படியையோ ஏறியிருப்பான். கேட்கவே பாவமாக இருந்தது எனக்கு.

“என் தப்புதான் தம்பி. டூப்ளிகேட் வந்துடுச்சு. நல்லதா மாத்தித் தர்றேன்.”

சொல்லும்போதே நாக்கு கசந்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவார்.

“பரவால்லண்ணே,” என்றான் அவன். பெரிய மனசுதான்!

போன் கட்டாகிவிட்டது. அவள் அதை ஒருதடவைக்கு இரண்டுதடவை பார்த்து உறுதி செய்துகொண்டு கைப்பையில் போட்டாள். பிறகு காருக்குள் குனிந்து, அந்த டேப் துண்டை உரித்து, விரலில் உருட்டி, என் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

“தெருத்தெருவா நின்னு நின்னு ஓட்டினா, புதுசு எவ்வளவு நாள் வரும்ணே?”

கத்தியவள் இவள்தானா என்று இருந்தது எனக்கு. அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

“அதே எட்டு மாசம்தாம்மா.”

“அப்ப எட்டு மாசத்துக்கு ஒருதடவை நீங்க டூப்ளிகேட் போட்டதாவே இருக்கட்டும்ணே. அவரா வாயைத் திறந்து சொல்ற வரைக்கும்.”