இடப்பக்கத்து ஆள்

பழைய கார் பாடியில் பெரிய என்ஜினைப் பொருத்திப் பறக்கவிடுவதுதான் உத்தமனுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். சிவாஜிநகர் பழைய இரும்புக் கடையில் கடைக்காரரை அழவைத்து, பேரம் பேசி வாங்கிய பாடி இது. எடை குறைய, ஓட்டுபவர் சீட்டைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டான். அப்படியும் இடப்பக்கம் ஆள் உட்கார்ந்ததுபோல் தாழ்ந்தே நின்றது. ஸ்பிரிங்கை மாற்றியும் நிமிரவில்லை.

“யாரோ கூட வராங்க. ஞாயித்துக்கிழமை ரேஸ் வேணாம், வித்துடுங்க,” என்றாள் மனைவி இளவேனில்.

“ஓசில வர்றவனுக்குப் பயந்து வண்டிய விக்கறதா? ஓட்டியே தீருவேன்.”

இடப்பக்கம் ஒரு சீட்டும் பெல்ட்டும் பொருத்தினான்.

ஞாயிறன்று பந்தயக் கோட்டில் நின்றபோது திரும்பிப் பார்த்தான். காலிச் சீட்டின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது. மூச்சு விடும் மார்பின்மேல் கிடப்பதுபோல் மெல்ல ஏறி இறங்கியது.

“கெட்டியா புடிச்சுக்கோ, ஓசி குரு,” என்றபடி ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

பெல்ட் வேகவேகமாக ஏறி இறங்கத் தொடங்கியது.