மூஸுக்கு எந்தத் துப்பாக்கி

"இதை வச்சுக்கிட்டா மூஸ் அடிக்கப் போற?" என்றார் டெல்மர். "சுட்டா அதுக்கு முதுகு சொறிஞ்சு விட்ட மாதிரி இருக்கும். திரும்பிப் பாத்து நன்றி சொல்லும்."

லின்வுட் தன் ரைஃபிளைத் துடைத்தார்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், குதிரையைவிடப் பெரிய மான் இனமான மூஸை வேட்டையாட அனுமதி கிடைப்பது குலுக்கலில்தான். இருபத்தேழு வருஷம் விடாமல் எழுதிப் போட்டு, அறுபத்தொன்பதாவது வயதில் லின்வுட்டின் பெயர் விழுந்திருந்தது. ஆறு நாள், ஒரே ஒரு மூஸ். இனி ஒரு தடவை விழும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை.

கூட ஒருவர் சுடலாம். அந்த இடத்தில் மனைவியின் அண்ணன் டெல்மரின் பெயரை எழுதினார். அன்றோடு நிம்மதி போயிற்று.

"அணிலுக்குச் சின்னக் குண்டு. மானுக்கு உன்னோடது. அரை டன் மூஸுக்கு இது, மாப்ள." டெல்மர் தன் பெரிய ரைஃபிளைத் தட்டினார். "பேசாம இதை எடுத்துக்கோ."

"உன் பீரங்கி உதைக்கிற உதையில என் தோள்பட்டை கழண்டுடும் மச்சான். கிட்டப் போய், சரியான இடத்துல சுட்டா இதுவே போதும். முப்பத்தோரு மான் இதுலதான் விழுந்திருக்கு."

"அதெல்லாம் குண்டுல சாகல. வெக்கத்துல செத்துச்சு."

ஐந்து நாள் இதே பேச்சு. ஐந்து நாளும் மூஸ் கண்ணில் படவில்லை.

ஆறாம் நாள் காலை, சதுப்பு ஓரத்தில் வந்து நின்றது. எண்பது தப்படி இருக்கும். லின்வுட் கிளையில் ரைஃபிளைத் தாங்கிப் பிடித்தார். குறி ஓரிடத்தில் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற டெல்மரும் தன் ரைஃபிளைத் தோளில் வைத்தார்.

லின்வுட் மூச்சைப் பிடித்து விசையை அழுத்தினார்.

காடே அதிர்ந்தது. தன் ரைஃபிளுக்கு இவ்வளவு குரல் உண்டா என்று அவருக்கே ஆச்சரியம். மூஸ் நாலு எட்டு வைத்துச் சாய்ந்தது.

"நீயும் சுட்டியா மச்சான்?"

"நானா? நான் விசையைத் தொடுறதுக்குள்ளதான் விழுந்துடுச்சே."

எடை போட்டுப் பதிவு செய்யும் இடத்தில் ஊரே கூடியிருந்தது. எண்ணூற்று நாற்பது பவுண்டு. கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் டெல்மரே போய்ச் சொன்னார்.

"ஒரே குண்டு. அதுவும் மாப்ளயோட மான் ரைஃபிள்ல. இத்தனை வருஷமா நான் பேசினதெல்லாம் சுத்த உளறல்."

"அப்ப உன் பீரங்கியை என்ன பண்ணப் போற?" என்று யாரோ சீண்டினார்.

கூட்டத்தில் பேசவே கூச்சப்படும் லின்வுட்டுக்கு அன்று தைரியம் வந்துவிட்டது. "எங்க வீட்டு ஜன்னல்ல திரை மாட்டக் கம்பி இல்ல. குடுத்துடு மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மரும்தான்.

மூன்றாம் நாள் மூஸின் இறைச்சியை வாங்கப் போனபோது, அதை வெட்டிக் கொடுக்கும் ராய்ஸ் உள்ளங்கையில் ஒரு குண்டை நீட்டினான்.

"ஒரே ஓட்டை, ஒரே குண்டு. சுத்தமான வேலை சார். டெல்மர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. குண்டு கிடைச்சா அவர்கிட்டதான் குடுக்கணுமாம். மூஸ் உங்க பேர்ல இருக்கு, அதான் உங்ககிட்ட குடுக்கறேன்."

'இதையும் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறானா?' என்று லின்வுட்டுக்குச் சுருக்கென்றது. சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குண்டை மேஜையில் வைத்துப் பார்த்தார். முனை நசுங்கியிருந்தது. அடிப்பாகம் மட்டும் அப்படியே இருந்தது. எதையும் அளந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு. ரைஃபிளை எடுத்து, குண்டின் அடிப்பாகத்தைக் குழல் வாயில் வைத்து அழுத்தினார்.

நுழையவில்லை.

அந்தப் பருமனில் குண்டு போடும் ரைஃபிள் அன்றைக்குச் சதுப்பு ஓரத்தில் ஒன்றுதான் இருந்தது.