முதலாளி குடித்த தண்ணீர்

முலாம் பூசும் பட்டறையின் கழிவு மண்ணில் இறங்கி, எதிரே இருந்த அடிபம்புத் தண்ணீரில் குரோமிய விஷம் ஏறிவிட்டது. தெருவே அந்தப் பம்பைத் தொடுவதில்லை. கோர்ட் போட்ட போட்டில், பட்டறை முதலாளி ஒரு விஞ்ஞானியை வரவழைத்தார். அந்த அம்மாள் கண்ணுக்கே தெரியாத இரும்பு நானோ துகள்களைத் தண்ணீரில் கலந்து, போன மாதம் நிலத்துக்குள் செலுத்தினார்.

இன்று ரிசல்ட்டோடு வந்துவிட்டார்.

“விஷத்தை இரும்பு அடக்கிடுச்சு சார். தண்ணி இப்போ சுத்தம். எல்லார் முன்னாடியும் நீங்க ஒரு கிளாஸ் குடிச்சாத்தான் ஜனங்க நம்புவாங்க.”

முதலாளி தலையாட்டிவிட்டு, மேனேஜரை ஓரமாக இழுத்துப் போனார்.

“யோவ், நம்ம ஆபீஸ் கேன் தண்ணியை ஒரு கிளாஸ்ல ஊத்திக் குடு. வெளிய மூச்சு விடக்கூடாது!”

தெருவே வேடிக்கை பார்க்க, முதலாளி ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

“தேன் மாதிரி இருக்குப்பா!”

கைதட்டல் காதைப் பிளந்தது. ஆபீசுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“இப்பத்தான் சார் எனக்கு உசுரே வந்துது. யாரும் தொடாத பம்பு, கூட்டம் இருக்காதேன்னு, ரெண்டு வருஷமா உங்க ஆபீஸ் கேனுக்கு இங்கதான் தண்ணி புடிக்கிறேன்!”