முன் சக்கரத்து எலுமிச்சம்பழம்

விமானத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தவை மொத்தம் மூன்று. முன் சக்கரத்தில் ஒன்று, பின்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்றிலும் குங்குமம்.

காலையில் கொட்டகையிலிருந்து விமானத்தை இழுத்து வெளியே கொண்டுவந்த இம்ரான்தான் முதலில் பார்த்தான். பார்த்தவன் சும்மா இருக்காமல் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டான். விமானத்தைச் சுற்றி ஒரு திருகாணி கிடந்தாலே குற்றம் என்கிற இடத்தில் பழம் கிடந்தால் கேட்கவா வேண்டும்? பதினோரு மணிக்கெல்லாம் விசாரணை தொடங்கிவிட்டது.

சந்தேகம் நேராக மெக்கானிக் கதிரேசன்மேல் விழுந்தது. நேற்று கடைசியாக அந்த விமானத்தைத் தொட்டவன் அவன். போதாததற்கு நெற்றியில் விபூதி வேறு. அதே விபூதியோடு பதினோரு வருஷமாக இந்த விமான நிலையத்துக்கு வேலைக்கு வருகிறான். அப்போதெல்லாம் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

விசாரிக்க வந்தவர் துரைசாமி. விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசாங்க அதிகாரி. இருக்கைப் பையில் பாதுகாப்பு அட்டை ஒன்று குறைந்ததற்காக ஒரு விமானத்தையே கிளம்பவிடாமல் நிறுத்திய மனிதர்.

இந்த விமானத்தோடு அவருக்கு ஏற்கனவே பழக்கம் உண்டு. மைனா ஏர் என்ற புதுக் கம்பெனி, திருச்சிக்கு நாற்பத்தொன்பது வெள்ளி என்று டிக்கெட் விலையை அறிவித்ததும் லிட்டில் இந்தியாவே ஆடிப்போனது. அந்தக் காசுக்கு அங்கே தேக்கா சந்தையில் நாலு பேர் வயிறாரப் பிரியாணி சாப்பிட முடியாது. விமானத்தை எதை வைத்துப் பராமரிப்பார்கள் என்று அரசாங்கத்துக்கு நியாயமான சந்தேகம் வந்தது. துரைசாமியை அனுப்பினார்கள். அவர் மூன்று வாரம் ஆணி ஆணியாகத் தட்டிப் பார்த்துவிட்டு, நேற்று மதியம்தான் ‘முற்றிலும் பாதுகாப்பானது’ என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். இன்று நாலு மணிக்கு முதல் பயணம்.

குற்றம் உறுதியானால் கதிரேசனின் விமான நிலைய அனுமதி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த அட்டை இல்லாமல் எந்த விமானத்தின் பக்கமும் போக முடியாது. வேறு தொழிலும் அவனுக்குத் தெரியாது.

துரைசாமி அந்த அட்டையை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். கம்பெனி ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“முன் சக்கரத்துல வச்சது நீங்களா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். கேமராவில் விழுந்திருந்தால் அதற்கும் சேர்த்து வாங்கவேண்டி வரும். “ஆமா சார்” என்றான்.

“முன் சக்கரத்துல என்ன கோளாறு?”

திட்டுவார் என்று எதிர்பார்த்தவனுக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. ஒரு கோளாறும் இல்லை என்றான். துரைசாமி விடவில்லை. டயரா, அச்சா, திருப்புகிற கருவியா என்று அரை மணி நேரம் மாற்றி மாற்றிக் கேட்டார். பின் சக்கரங்களைப் பற்றி மறந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசி அறையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இவ்வளவு கோபக்காரரிடமா மாட்டிக்கொண்டோம் என்று கதிரேசன் நொந்துபோனான்.

“தெரிஞ்சத மறைக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல நூத்தி எண்பது பேர் ஏறப் போறாங்க லா.”

இனி மறைத்துப் பயனில்லை என்று கதிரேசன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

“சத்தியமா கோளாறு எதுவும் இல்ல சார். ஒவ்வொரு போல்ட்டையும் நானே டைட் பண்ணேன். நேத்து சாயங்காலம் கடைசி ரவுண்டு போனப்ப, பின்னாடி ரெண்டு பக்கமும் ஏற்கனவே எலுமிச்சம்பழம் இருந்துச்சு. நமக்குத் தெரியாத எதையோ யாரோ பாத்துட்டுத்தான் வச்சிருக்காங்கன்னு பயந்துட்டேன். மறுபடியும் மொத்தமா செக் பண்ணேன். ஒண்ணும் கெடைக்கல. அப்பவும் மனசு கேக்கல சார். முன்னாடி மட்டும் காலியா இருந்துச்சு. கேண்டீன்ல ஒரு பழம் வாங்கி வச்சிட்டேன்.”

குங்குமம் எப்போதும் அவன் பர்ஸில் இருக்கும். பின்னால் இருந்த இரண்டையும் ஏன் எடுத்துப் போடவில்லை என்ற கேள்விக்கு, அடுத்தவர் திருஷ்டி கழித்து வைத்த பழத்தைத் தொடக்கூடாதே என்றான்.

துரைசாமியின் பேனா நின்றது.

“அப்ப, முன் சக்கரத்துல நிஜமாவே ஒண்ணும் இல்ல?”

“இல்ல சார்.”

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். தன் முன்னால் இருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு அறிக்கையில், ‘கேண்டீன் கூடையிலிருந்து தவறி உருண்ட பழங்கள். விமானத்துக்குப் பாதிப்பில்லை’ என்று எழுதி, அனுமதி அட்டையைக் கதிரேசனிடமே திருப்பிக் கொடுத்தார். குங்குமம் பூசிக்கொண்டு பழம் எப்படி உருளும் என்று கேட்க அவனுக்கு வாய் வரை வந்தது. வேலை பிழைத்ததே போதும் என்று விழுங்கிக்கொண்டான். ஆனாலும் கதவருகே போனவன் நின்றான்.

“மத்த ரெண்டையும் வச்சது யாருன்னு கண்டுபிடிக்க வேணாமா சார்?”

“வேணாம். நீங்க போய் வேலையப் பாருங்க.”

கதிரேசன் போனதும், துரைசாமி தன் மனைவி ரத்தினம்மாவுக்கு போன் செய்தார். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம், நாலு மணி விமானத்திலேயே தைரியமாகப் போகலாம் என்றார்.

நேற்று சான்றிதழில் கையெழுத்துப் போட்ட கையோடு தேக்காவுக்குப் போய் அவர் வாங்கிவந்து வைத்தது இரண்டே இரண்டு பழம்தான். படத்தில் மூன்றாவதைப் பார்த்ததிலிருந்துதான் மனிதருக்கு உயிரே இல்லை.